வார்டிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு: கேர் மேனேஜர் வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டே "ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியில கேர் மேனேஜர் வேலைன்னு சொல்றாங்களே, போலாமா" என்று யோசிக்கும் சிஸ்டர்களுக்காகவும் பிரதர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் விசாரித்த காலத்தில் முழுசாகச் சொல்ல ஆளே கிடைக்கவில்லை. ஒருவர் போன் பேசுகிற வேலைதான் என்றார், இன்னொருவர் கிளெய்ம் பாஸ் பண்ணுகிற வேலை என்றார், வேலை வாங்கித் தருகிற ஏஜென்ஸியில் நைட் டியூட்டியே கிடையாது என்றார்கள். மூன்றுமே பாதிதான் உண்மை. அதற்கு மேல், பழைய இடத்திலிருந்து காகிதங்களை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்ல வேலை இது. ஆனால் சரியான வரிசையில் போனால்தான் நல்ல வேலை.

1. என்ன வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

இன்சூரன்ஸ் கம்பெனியிலோ, அவர்களுக்காக கிளெய்ம் பார்க்கும் டிபிஏ நிறுவனத்திலோ நர்ஸுக்கு இருக்கும் வேலைகள் ஒன்றல்ல. கேஷ்லெஸ் (நோயாளி பணம் கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்குக் கட்டுவது) அனுமதி மேசையில் மருத்துவமனை அனுப்பும் படிவத்தையும் ரிப்போர்ட்டையும் பார்த்து டாக்டருக்குத் தயார் செய்து தர வேண்டும். கிளெய்ம் ஆய்வில் டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் ஷீட், பில் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. களப்பணி என்றால் மருத்துவமனைக்கே நேரில் போய் நோயாளியைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது, அதற்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

கேர் மேனேஜர் வேலை இதிலெல்லாம் சேராது. சர்க்கரை, பிரஷர், இதயம், கிட்னி, கேன்சர் என்று நாள்பட்ட நோயுள்ள பாலிசிதாரர்களில் ஒரு கூட்டம் உங்கள் பொறுப்பில் இருக்கும். அவர்களைத் தொடர்ந்து கூப்பிட்டுப் பேச வேண்டும், மருந்து சரியாகப் போகிறதா, செக்கப் தேதி தவறிவிட்டதா, டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரோடு, டயட்டீஷியனோடு இணைத்துவிட வேண்டும். அவர் மறுபடி அட்மிட் ஆகாமல் இருந்தால் அவருக்கும் நல்லது, கம்பெனிக்கும் செலவு மிச்சம். கம்பெனி இந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பது அதனால்தான்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கேர் மேனேஜர் என்று விளம்பரம் போட்டுவிட்டு, உள்ளே போனால் பாலிசி விற்கிற டெலிகாலிங் வேலை. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்கு எழுதும் ஐசி-38 தேர்வை எழுதச் சொன்னாலோ, மாதம் இத்தனை பாலிசி, இத்தனை ரூபாய் பிரீமியம் என்று இலக்கு சொன்னாலோ அது விற்பனை வேலை. அது தப்பான வேலை இல்லை, ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. ஆஃபர் லெட்டரில் பதவிப் பெயரை மட்டும் பார்க்காமல் வேலை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பணம், டிரெய்னிங் டெபாசிட் என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

2. ராஜினாமா எழுதும் முன் காகிதங்களைக் கையில் வாங்குங்கள்

இது முக்கியமான படி, பலர் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படியும் இதுதான். இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஆளை எடுக்கும்போது வெளி ஏஜென்ஸி வைத்து ஒவ்வொரு காகிதத்தையும் சரிபார்ப்பார்கள். ஆஸ்பத்திரிகளில் ஒருவரை ஒருவர் தெரிந்து வேலைக்குச் சேர்வது போல இங்கே நடக்காது.

தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில் பதிவு. ஆர்என், ஆர்எம் இரண்டு பதிவுச் சான்றும் வேண்டும். வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி என்று இருக்காதீர்கள், புதுப்பிக்க வேண்டிய தேதி கடந்துவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கட்டணத்தை கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்து அங்கேயே கட்டுங்கள். இடையில் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். புதுப்பித்த சான்று வர சில வாரம் ஆகலாம், அதனால் வேலை தேட ஆரம்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

டிகிரி, மார்க் ஷீட். பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்று வேண்டும். புரொவிஷனல் மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் பட்டத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். டிப்ளமோ முடித்தவர்களையும் எடுக்கிறார்கள், ஆனால் வார்டு அனுபவத்தைக் கூடுதலாகக் கேட்பார்கள்.

அனுபவச் சான்று. இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். "பணிபுரிந்தார், நடத்தை நன்று" என்ற இரண்டு வரி போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வார்டு, எந்தப் பதவி என்று இருக்க வேண்டும். ஐசியு, டயாலிசிஸ், கார்டியாக், கேன்சர் வார்டு அனுபவம் இருந்தால் அந்தப் பெயர் சான்றில் கட்டாயம் வரட்டும், கேர் மேனேஜர் வேலைக்கு அதற்குத்தான் மதிப்பு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இந்த ஒரு காகிதத்துக்காக எச்ஆர், நர்சிங் சூப்பரிண்டென்டென்ட், அட்மின் என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போதே கேட்டால் கிடைத்துவிடும். போன பிறகு கேட்டால் அவர்களுக்கு அது அவசரமில்லாத வேலை.

அசல் சான்றிதழ்கள். சேரும்போது அசலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சான்றிதழ் உங்கள் சொத்து, அதை அடமானம் போல வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. கவுன்சில் புதுப்பிப்புக்கு அசல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், எழுதியதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்குங்கள். அசல் கைக்கு வந்த பிறகுதான் ராஜினாமா. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகலையும் எடுத்து, பாக்கி எத்தனை மாதம், பணம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரும் இனிஷியலும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதனால் வரும் தாமதம் கொஞ்சநஞ்சமல்ல. மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய பேங்க் கணக்கில் கணவர் இனிஷியல், பான் கார்டில் இன்னொரு மாதிரி. சரிபார்க்கும் ஏஜென்ஸி உட்கார்ந்திருப்பது வேறு மாநிலத்தில், அவர்களுக்கு நம் இனிஷியல் முறை புரியாது, இரண்டு வேறு ஆட்கள் என்று நினைத்து ஃபைலை நிறுத்திவிடுவார்கள். முடிந்தவரை ஆதார், பான், பேங்க் மூன்றையும் மார்க் ஷீட்டில் இருப்பது போல ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். நேரமில்லை என்றால் நோட்டரி முன்னால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக் கூடவே வையுங்கள்.

அப்புறம் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிய சின்ன நர்சிங் ஹோம் அனுபவத்துக்கு ஆதாரம் காட்டுவது கஷ்டம், அதை எழுதுவதா வேண்டாமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஆனால் இல்லாத அனுபவத்தை எழுதாதீர்கள், சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் வேலை போய்விடும்.

3. சம்பளக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்

ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று சொல்லும் தொகை கைக்கு வராது. அதற்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, குரூப் பாலிசி பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டும் தரும் தொகை எல்லாம் அடங்கியிருக்கும். "மாதம் கைக்கு எவ்வளவு வரும்" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பிஎஃப் பணத்தை வேலை மாறும்போது எடுத்துவிடாதீர்கள். உங்கள் பிஎஃப் கணக்குக்கான அதே யுஏஎன் எண்ணைப் புது இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பழைய இடத்தில் நீங்கள் வேலையை விட்ட தேதியைப் பதிந்துவிட்டார்களா என்று மட்டும் பாருங்கள், அது பதியாமல் இருந்தால் மாற்றம் நகராது. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக 5 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்பதால், நாலரை ஆண்டில் இருப்பவர்கள் காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு ராஜினாமா எழுதலாம்.

இஎஸ்ஐ பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைதான் இஎஸ்ஐ. இப்போது அதற்குள் இருக்கும் உங்களுக்கும், உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் வைத்தியம் கிடைத்துக்கொண்டிருக்கலாம். புது வேலையில் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டினால் அது போய்விடும். அதற்குப் பதிலாக வரும் குரூப் பாலிசியில் பெற்றோர் உண்டா, அவர்களுக்கு ஏற்கனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா, தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். வீட்டில் டயாலிசிஸ் ஆள் இருக்கும் ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் சம்பள உயர்வுக்காக மாறினால், அந்த உயர்வு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தங்கும் செலவும் போக்குவரத்தும் சேருங்கள். இந்த மாதிரி அலுவலகங்கள் பெரும்பாலும் அவிநாசி ரோடு, சரவணம்பட்டி, ரேஸ் கோர்ஸ் பக்கம். பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ தினமும் வந்து போவது நடக்காது. மருத்துவமனை ஹாஸ்டலில் இலவசமாகத் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தொகையையும் இப்போதைய சம்பளத்தோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

4. இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

அவர்கள் கேட்பது பெரிதாக இருக்காது. சர்க்கரை நோயாளிக்கு போனில் என்ன கேட்பீர்கள், கோபமாகப் பேசுகிறவரை எப்படிக் கையாளுவீர்கள், கம்ப்யூட்டரில் டைப் செய்யத் தெரியுமா, என்னென்ன மொழி தெரியும் என்பதுதான். மொழி நம்ம பக்கத்துக்காரர்களுக்கு நல்ல பலம். பாலக்காட்டு எல்லையில் மலையாளம், தாளவாடி பக்கம் கன்னடம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்று நம்மில் பலருக்கு இரண்டு மூன்று மொழி வரும். அதை பயோடேட்டாவில் மேலேயே போடுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை: என் பொறுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கால், எண்ணிக்கையை மட்டும் பார்ப்பீர்களா அல்லது நோயாளியின் நிலைமை முன்னேறியதையும் பார்ப்பீர்களா, போனில் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் உடனே பேச டாக்டர் இருக்கிறாரா, ரினியூவலுக்குப் பேசச் சொல்வீர்களா.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று. நோயாளி என்னிடம் சொல்வது கிளெய்ம் பிரிவுக்குப் போகுமா?

நிறுத்தி யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, பழைய சர்க்கரையையோ ஆஞ்சியோ செய்ததையோ மறைத்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அன்பாகப் பேசுகிறீர்கள், "சக்கரை எத்தன வருசமா இருக்குதுங்க" என்று கேட்கிறீர்கள், அவரும் உங்களை வார்டு சிஸ்டராக நினைத்து "அது ஆச்சுங்க அம்மணி பன்னெண்டு வருசம்" என்கிறார். பாலிசி எடுத்து மூன்று வருசம்தான் ஆகியிருக்கிறது. நீங்கள் எழுதும் அந்தக் குறிப்பு நாளை அவருடைய கிளெய்மை மறுக்க ஆதாரமாகுமா? ஆகும் என்றால், அந்த போனில் நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்? நல்ல கம்பெனிகளில் கேர் குறிப்புகளைத் தனியாக வைத்திருப்பார்கள், கிளெய்ம் பார்ப்பவர்கள் திறக்க முடியாது. சில இடங்களில் எல்லாமே ஒரே திரையில் இருக்கும். இன்டர்வியூ எடுப்பவர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் நான் அந்த வேலையை எடுக்க மாட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். அடிப்படைக் குறிப்புகள் பகிரப்படும் என்றால், அதை முதல் காலிலேயே நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கிவிட்டுப் பேசும் இடமாகவாவது இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதத்தோடு வாங்குவதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது.

5. அமெரிக்கக் கம்பெனிக்கான வேலையா என்று பாருங்கள்

சில அலுவலகங்கள் நம் ஊரில் இருந்தாலும் வேலை அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கானது. சம்பளம் கூடுதல், ஆனால் அவர்களின் பகல் நமக்கு இரவு. நைட் டியூட்டியிலிருந்து தப்பிக்க வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெண்களிடம் இரவு வேலைக்குச் சம்மதக் கடிதம் கேட்பார்கள், கையெழுத்துப் போடும் முன் வீட்டு வாசல் வரை வண்டி உண்டா, கூட காவலர் வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.

இந்த வேலைகளில் பலவற்றுக்கு, அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் தேர்ச்சி கேட்பார்கள். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டாலரும் அதற்கு வரியும். அதற்கு முன்னால் சான்றிதழ் மதிப்பீடு, அமெரிக்க மாநில வாரியத்துக்கான விண்ணப்பம் என்று தனிச் செலவுகள் உண்டு. 85 முதல் 150 கேள்விகள், அதிகபட்சம் 5 மணி நேரம். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் 1,500 ரூபாய் கட்டி முதலில் அதை எடுங்கள். முதல் வேலைக்கே இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உள்நாட்டுக் கம்பெனியில் சேர்ந்து, வேலை பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

6. சேரும் முன் தெரிந்துவைக்க வேண்டிய பாலிசி விதிகள்

டிரெய்னிங்கில் சொல்லித்தருவார்கள், ஆனால் வேகமாக ஓட்டிவிடுவார்கள். கிளெய்ம் உங்கள் வேலை இல்லாவிட்டாலும் நோயாளி உங்களிடம்தான் கேட்பார், கம்பெனியில் அவருக்குத் தெரிந்த ஒரே மனுஷக் குரல் நீங்கள்தான்.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கேட்டால் 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கு மருத்துவமனை அனுப்பினால் 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும், அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாகப் பணம் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கிளெய்ம் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த கிளெய்மையும் மறுக்க முடியாது.

முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி கட்டியவரின் கிளெய்மை, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நோயை மறைத்தார் என்ற காரணம் சொல்லி மறுக்க முடியாது. நான்காம் படியில் சொன்ன ஆள் விஷயத்தில் இந்த விதி எவ்வளவு முக்கியம் என்று புரியும். ரினியூவல் தேதியைத் தவறவிடாதீர்கள் என்று நோயாளியிடம் சொல்வது விற்பனைப் பேச்சு ஆகாது, இந்த 60 மாதக் கணக்கு அறுந்துபோகாமல் காப்பது அது.

ரூம் வாடகை வரம்பைப் புரிய வைப்பது தனிப் பாடு. வரம்பு ஒரு நாளைக்கு 5,000 இருக்க, 8,000 ரூபாய் அறையில் படுத்தால், மிச்சம் 3,000 மட்டும் நம் கையிலிருந்து போகும் என்று நினைப்பார்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்பிளான்ட், லேப் பரிசோதனைகளில் அப்படிக் குறைக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒரு குடும்பம் டிஸ்சார்ஜ் அன்று கடன் வாங்க ஓடாது.

காப்பீட்டுத் தொகை தீர்ந்துபோனவர்களும் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிச் சொல்லுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்க முடியாமல் விட்டுவிட்டவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். கம்பெனி ஸ்கிரிப்டில் இதெல்லாம் இருக்காது.

7. முதல் சில மாதங்கள்: போனில் ஆளைப் பார்ப்பது

வார்டில் நுழைந்ததும் முகம், மூச்சு, கால் வீக்கம் பார்த்துப் பாதி விஷயம் தெரிந்துவிடும். இங்கே காது மட்டும்தான். பேசிக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் நிற்கிறதா, பேச்சு குழறுகிறதா, பின்னால் யாராவது பதில் எடுத்துக் கொடுக்கிறார்களா என்று கவனித்துக் கேட்கப் பழக வேண்டும்.

நம்பரே எடுக்க மாட்டார்கள் என்பது முதல் தடை. ஓடிபி கேட்டு ஏமாற்றும் கூட்டம் பெருகிவிட்டதால் புது நம்பர் என்றாலே பயம். ஒருபோதும் ஓடிபியோ பேங்க் விவரமோ கேட்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். யாரிடம் பேசுகிறோம் என்று பிறந்த தேதி, பாலிசி எண் கேட்டு உறுதி செய்யாமல் நோய் பற்றி வாயே திறக்கக் கூடாது, மகனே எடுத்தாலும் சரி, நோயாளியின் சம்மதம் வேண்டும். திருப்பூர் பக்கம் கம்பெனி குரூப் பாலிசிகளைப் பார்க்கும்போது, எச்ஆரிலிருந்து "எங்க ஆளுகள்ல யார் யாருக்கு என்ன வியாதிங்க" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். சொல்லவே கூடாது. ஒரு தொழிலாளியின் வேலையே அதனால் போகலாம்.

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் காலையிலும் பொழுதோடவும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் வேலை, அப்போது அடித்தால் "அப்பறம் பேசறனுங்க" என்று வைத்துவிடுவார்கள். சந்தை நாளும் அப்படித்தான். மாரியம்மன் நோம்பி சாட்டிய ஊர்களில் அந்த வாரம் வீட்டுக்கு ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும், சாப்பாடும் மருந்தும் தாறுமாறாகும், நோம்பி முடிந்த மறுவாரம் கட்டாயம் கூப்பிட வேண்டும்.

கேள்வியை ஆளின் வாழ்க்கைக்குள் வைத்துக் கேளுங்கள். "டயட் ஃபாலோ பண்றீங்களா" என்றால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க" என்றால் அரிசிம்பருப்புச் சாப்பாடு, எத்தனை கரண்டி, நெய் எவ்வளவு என்று எல்லாம் வரும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு ராத்திரி ஷிப்ட் உண்டு, அந்த வாரம் இன்சுலினைக் காலை, மாலை என்று எழுதியபடி போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நேரம் மாற்றிச் சாப்பிடுவார்கள். சர்க்கரை இறங்கிவிடும். வேர்வை, நடுக்கம், கிறுகிறுப்பு இருந்து மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108. இன்சுலின் அளவை மட்டும் நீங்களாக மாற்றிச் சொல்லாதீர்கள். ஷிப்ட் விவரத்தை எழுதி டாக்டரிடம் பேச வைப்பது உங்கள் வேலை, அளவு அவர் வேலை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் கிட்னி நோயாளிகளிடம் இளநீர் பற்றித் தனியாகக் கேளுங்கள். சொந்தத் தோப்பு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் குடிப்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், கிட்னி வேலை செய்யாதவருக்கு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கால் வலிக்கு மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் இதே மாதிரி பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் ஆனவரை இரண்டு நாளுக்குள் கூப்பிடப் பாருங்கள். சீட்டில் உள்ள மாத்திரையை அட்டையோடு கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னால், ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் பழைய மாத்திரையும் பெயர் மட்டும் வேறாக, ஒரே மருந்து இரண்டு தடவை போவது அடிக்கடி மாட்டும். அடுத்த ரிவியூ தேதி, காயம், காய்ச்சல், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும் என்பதையும் கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

பேசி முடித்ததும் எழுதிவிடுங்கள். கால் எண்ணிக்கைக்காக ஓடி, சாயங்காலம் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் ஒருவர் சொன்னது இன்னொருவர் ஃபைலில் ஏறும். எழுதாதது நடக்காதது என்று வார்டில் சொல்லிக்கொடுத்தது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

8. வீட்டிலிருந்து வேலை என்றால்

கதவு சாத்தும் தனி அறை இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். நோயாளி பேசுவது வீட்டில் வேறு யார் காதிலும் விழக் கூடாது. பக்கத்தில் தறிக் குடோன் இருந்தால் அந்தச் சத்தம் ஹெட்செட் வழியே அப்படியே போகும். கேபிள் இன்டர்நெட், இன்வெர்ட்டர் இரண்டும் வேண்டும், மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் என்ன செய்வது என்று மேலதிகாரியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். லேப்டாப்பைக் கம்பெனி தர வேண்டும், சொந்த போனில் நோயாளி விவரத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

9. நர்ஸாகவே இருக்க

கல்ஃப், பிரிட்டன் போகும் எண்ணம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அங்கெல்லாம் சமீபத்திய பெட்சைடு அனுபவம் கேட்பார்கள், போன் வேலையை அதில் கணக்கில் எடுக்காமல் போகலாம். இரண்டு வருசத்துக்குள் வெளிநாடு என்று திட்டம் இருந்தால் வார்டிலேயே இருப்பது மேல். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அரசு ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுக்கு இந்த வேலை தடையில்லை, அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இதிலேயே மேலே போக நினைத்தால் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் லைசென்ஷியேட் தேர்வை எழுதுங்கள். டீம் லீடர் பதவிக்கு எடுக்கும்போது அது கைகொடுக்கும். கம்பெனி கட்டணத்தைத் திருப்பித் தருமா என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள், சில இடங்களில் தருகிறார்கள்.

கவுன்சில் பதிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காலாவதியாக விடாதீர்கள். தொடர் கல்வி வகுப்புகளுக்குப் போய், சான்றுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு, ஸ்கேன் எடுத்து உங்கள் சொந்த மெயிலில் வையுங்கள். ஆபீஸ் மெயிலில் வைத்தால் வேலையை விட்ட அன்றே அது மூடப்பட்டுவிடும்.